உளவுப் படத்துக்கு எந்தத் திரை? ஐமேக்ஸிலும் ஸ்கோப்பிலும் மாறி மாறிப் பார்த்த அனுபவம்

ஒரே படத்தை ஒரே வாரத்தில் இரண்டு தடவை, இரண்டு விதமான திரையில் பார்த்தேன். 2018இல் வந்த 'மிஷன் இம்பாசிபிள்: ஃபால்அவுட்'. முதலில் உயரம் கூடிய ஐமேக்ஸ் திரை, நான்கு நாள் கழித்து அகலம் கூடிய சாதாரண ஸ்கோப் திரை. இரண்டாவது தடவை போனது கதைக்காக இல்லை, முதல் தடவை பார்த்ததில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது, அதைச் சரிபார்க்கத்தான் போனேன். அந்த வாரத்துக்குப் பிறகு 'ஐமேக்ஸ்' என்று போட்டிருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் எடுப்பதை விட்டுவிட்டேன். யாராவது உளவுப் படத்துக்கு எந்தத் திரை நல்லது என்று கேட்டால், படம் எப்படி எடுக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் ஐமேக்ஸ். படம் ஆரம்பிக்கும்போது திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்தது. அப்புறம் விமானத்திலிருந்து குதிக்கிற காட்சி. பட்டை காணாமல் போய், திரை மேலிருந்து கீழ்வரை முழுக்க வானம். 25,000 அடி உயரத்திலிருந்து குதிக்கிற அந்த ஒரு காட்சிக்காக டாம் குரூஸ் ஒத்திகையையும் சேர்த்து நூறு தடவைக்கு மேல் குதித்தார். சூரியன் மறையும் நேரத்தின் சில நிமிட வெளிச்சம் மட்டும்தான் வேண்டும் என்பதால் படம்பிடிக்க ஒரு நாளைக்கு ஒரே ஒரு முயற்சிதான். கேமரா ஆப்பரேட்டரும் கேமராவைத் தலையில் கட்டிக்கொண்டு கூடவே குதித்தார். இந்த உழைப்பெல்லாம் கண்ணுக்குத் தெரிவது உயரத்தில்தான். கீழே மேகம், மேலே விட்டுவந்த உயரம், நடுவில் ஒரு ஆள். என் பார்வை தானாகவே மேலும் கீழும் போய் வந்தது, உட்கார்ந்திருந்த இடத்தில் கால் தரையை அழுத்திக்கொண்டது. சத்தியமாக இதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

ஆனால் அதே படத்தில் பாரீஸ் கழிவறைச் சண்டை வருகிறதே, அங்கேதான் உறுத்தல். வெள்ளை ஓடு, கண்ணாடி, மூன்றே ஆட்கள். ஹென்றி கேவில் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு, துப்பாக்கியில் குண்டு போடுவதைப் போலக் கைகளை உதறி முஷ்டி பிடிப்பார். அந்தக் காட்சி முழுக்க 2.39 விகிதத்தில், அதாவது உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலத்தில் எடுக்கப்பட்டது. ஐமேக்ஸ் திரையில் மறுபடியும் பட்டை இறங்கி, திரையின் ஐந்தில் ஒரு பங்கு சும்மா கிடந்தது. நான்கு நாள் கழித்து, 2.39க்கென்றே அகலமாகக் கட்டிய திரையில் அதே சண்டையைப் பார்த்தபோது சுவரிலிருந்து சுவர்வரை படம் நிறைந்திருந்தது. இடது ஓரத்தில் ஒருவன் எழுந்திருக்கிறான், வலது ஓரத்தில் ஒருவன் விழுகிறான், நடுவில் ஓடு நொறுங்குகிறது, எதை விடுவது எதைப் பார்ப்பது என்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தச் சண்டைக்கு ஸ்கோப் திரைதான். குதிக்கிற காட்சிக்கு ஐமேக்ஸ்தான். ஒரே படம், இரண்டு காட்சி, இரண்டு விதமான திரை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். 2.39 என்றால் உயரம் 1 என்று வைத்துக்கொண்டால் அகலம் 2.39 மடங்கு. நாம் பொதுவாக சினிமாஸ்கோப் என்று சொல்வது இதைத்தான். 1.85 என்பது ஃப்ளாட், அதாவது ஸ்கோப்பைவிட அகலம் குறைந்த வழக்கமான வடிவம். 1.90 என்பது இப்போது அதிகம் காணக்கிடைக்கிற டிஜிட்டல் ஐமேக்ஸ். 1.43 என்பது ஐமேக்ஸின் அசல் வடிவம், கிட்டத்தட்ட சதுரத்தை நெருங்குகிற உயரம். ஒரே அகலமுள்ள திரையில் 2.39ஐ விட 1.90இல் சுமார் 26 சதவீதம் கூடுதல் படம் தெரியும், 1.43இல் சுமார் 67 சதவீதம் கூடுதலாகத் தெரியும். விளம்பரத்தில் பெருமையாகப் போடுவதெல்லாம் இந்த வகுத்தல்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, கூடுதல் படம் தெரிய வேண்டுமானால் அந்தப் படத்தை அப்படி எடுத்திருக்க வேண்டும். அதே 'மிஷன் இம்பாசிபிள்' வரிசையில் 2023இல் வந்த 'டெட் ரெக்கனிங்' ஐமேக்ஸிலும் வெளியானது, ஆனால் தொடக்கம் முதல் முடிவுவரை 2.39தான். ஐமேக்ஸ் போஸ்டரைப் பார்த்து, மோட்டார் சைக்கிளோடு மலையிலிருந்து பாயும் காட்சியில் திரை விரியும் என்று காத்திருந்தேன், விரியவே இல்லை. ஒலியும் வெளிச்சமும் பிரமாதம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தை நல்ல ஸ்கோப் திரையில் பார்த்தவர்களுக்கு ஒரு அங்குலப் படம்கூடக் குறையவில்லை. 2025இல் வந்த அடுத்த பாகத்தில்தான் சில பெரிய காட்சிகள் ஐமேக்ஸில் உயரம் கூடின. ஆக, ஒரே வரிசைப் படங்கள் என்பதாலும் எதையும் முடிவு செய்ய முடியாது.

ஐமேக்ஸ் என்ற பெயருக்குள்ளேயே பல பொருள்கள் இருக்கின்றன, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று அசல் ஃபிலிம். 65 எம்எம் ஃபிலிமைப் படுக்கையாக ஓடவிட்டு, ஒரு பிரேமுக்கு, ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் துளைகளில் பதினைந்தின் அகலத்துக்குப் பிடிக்கும் முறை. ஒரு நிமிடத்துக்குச் சுமார் 102 மீட்டர் ஃபிலிம் ஓடிவிடும், ஆயிரம் அடிச் சுருள் மூன்று நிமிடத்தில் காலி. இரண்டாவது, 1.43 முழுவதையும் காட்டக்கூடிய இரட்டை லேசர் புரொஜெக்டர். மூன்றாவது, 1.90 மட்டும் காட்டக்கூடிய டிஜிட்டல். பெரும்பாலான இடங்களில் இருப்பது மூன்றாவது. மூன்றுக்கும் வாசலில் ஒரே பெயர்ப் பலகைதான். கிறிஸ்டோபர் நோலனின் 'டெனட்' போன்ற படத்தில் இந்த வித்தியாசம் நேரடியாகத் தெரியும். ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் 1.43 திரையில் முழு உயரத்துக்கு வரும், 1.90 திரையில் மேலும் கீழும் வெட்டுப்படும், ஐமேக்ஸ் அல்லாத சாதாரண 70 எம்எம் பிரிண்டில் படம் முழுக்க 2.20ஆக ஓடும்.

அப்படியென்றால் உளவுப் படம் முழுவதையும் ஐமேக்ஸ் கேமராவிலேயே எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அந்தக் கேமரா போடுகிற சத்தம்தான் நீண்ட காலமாகத் தடை. ஃபிலிம் ஓடுகிற வேகத்தில் தையல் இயந்திரம் மாதிரி இரையும். கிசுகிசுப்பில் ஓடுகிற கதைகள் இவை. இரண்டு பேர் ஒரு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து தணிந்த குரலில் பேசுகிற காட்சிதான் கதையின் முதுகெலும்பு. அங்கே அந்தக் கேமராவை வைத்தால் வசனத்தைப் பிறகு டப்பிங் செய்ய வேண்டும். அதனால்தான் பேச்சுக்காட்சிகளை 35 எம்எம் அல்லது சாதாரண 65 எம்எம் கேமராவில் எடுத்து, ஓட்டம், குதிப்பு, வெடிப்புக்கு மட்டும் ஐமேக்ஸ் கேமராவை எடுக்கிறார்கள். திரை விரிந்து சுருங்குவது இதனால்தான். சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இல்லை. 2021இல் வந்த 'நோ டைம் டு டை'தான் ஐமேக்ஸ் ஃபிலிம் கேமராவைப் பயன்படுத்திய முதல் ஜேம்ஸ் பாண்ட் படம். இத்தாலியின் மட்டேரா நகரத்தின் கல்சந்துகளில் துரத்தல் நடக்கும்போது, வீடுகள் அடுக்கடுக்காக மேலே ஏறிப் போவதும் கீழே பள்ளம் விழுவதும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். அந்த ஊரின் வடிவமே உயரம்தான். அதை அகலச் சட்டத்துக்குள் வைத்தால் பாதி ஊர் வெளியே நின்றுவிடும்.

'மிஷன் இம்பாசிபிள்' வரிசையில் 2011இல் வந்த 'கோஸ்ட் புரொட்டோக்கால்' படத்தையும் இதில் சேர்க்க வேண்டும். 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவின் ஜன்னல் கண்ணாடியை வெட்டி எடுத்துவிட்டு வெளியே எட்டிப் பார்க்கிற அந்த நொடிக்காகவே ஐமேக்ஸ் பிறந்ததோ என்று தோன்றும். கேமரா டாம் குரூஸின் தோளுக்கு மேலே போய்க் கீழே பார்க்கும்போது அரங்கில் எல்லோருமே ஒன்றாக மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. அதை அகலத் திரையில் பின்னால் பார்த்தேன், நல்ல காட்சிதான், ஆனால் உயரத்தை நாம் புரிந்துகொள்கிறோம், உடம்பு உணர்வதில்லை.

சரி, அகலத்தின் பக்கம் வருகிறேன், என் மனசு உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

ஷான் கானரியின் முதல் மூன்று பாண்ட் படங்களும் அகலமானவை இல்லை, 1.66 அளவில் பார்க்க வேண்டியவை. 'கோல்டுஃபிங்கர்' படத்தில் கலை இயக்குநர் கென் ஆடம் போட்ட ஃபோர்ட் நாக்ஸ் (அமெரிக்க அரசின் தங்கக் கிடங்கு) செட்டைப் பாருங்கள். தங்கக் கட்டிகளைக் கூரைவரை அடுக்கியிருப்பார், உண்மையில் யாரும் அவ்வளவு உயரத்துக்குத் தங்கத்தை அடுக்கி வைப்பதில்லை. அந்த உயரத்தைக் காட்ட அந்தச் சட்டம் பொருத்தமாக இருந்தது. 1965இல் 'தண்டர்பால்' வந்தபோது பானாவிஷன் என்ற ஸ்கோப் முறையின் அகலத்துக்கு மாறினார்கள். கடலுக்கடியில் நடக்கும் அந்தப் பெரிய சண்டையில், கறுப்பு உடைக்காரர்களும் ஆரஞ்சு உடைக்காரர்களும் இரண்டு பக்கத்திலிருந்தும் மீன் கூட்டம் மாதிரி வந்து மோதுவார்கள். தண்ணீருக்குள் ஆள் விழுவதில்லை, பக்கவாட்டில்தான் போகிறான். அதற்கு அகலம்தான் சரி. 1973, 1974 பாண்ட் படங்கள் இரண்டும் மறுபடி ஃப்ளாட்டுக்குப் போயின. 1977இல் எண்ணெய்க் கப்பலுக்குள் நீர்மூழ்கிகளை நிறுத்தும் அளவுக்கு பைன்வுட் ஸ்டுடியோவில் பிரம்மாண்ட அரங்கம் கட்டியதோடு மறுபடி அகலத்துக்குத் திரும்பினார்கள், இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறார்கள்.

ஆனால் அகலம் என்பது பிரம்மாண்டத்துக்கு மட்டும் இல்லை. உளவாளிக்கு நிஜமான பயம் கீழே விழுவதில் இல்லை, யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களோ என்பதில்தான். அகலச் சட்டத்தில் ஒரு ஓரத்தில் ஆளை வைத்துவிட்டு மீதி இடத்தை வெறுமையாக விட்டால், அந்த வெறுமையைப் பார்வையாளனே சந்தேகத்தால் நிரப்பிக்கொள்வான். 1965இல் வந்த 'தி இப்க்ரெஸ் ஃபைல்' இதற்குப் பாடப்புத்தகம். டெக்னிஸ்கோப் என்ற சிக்கன முறையில் எடுத்தது, வழக்கமாக ஒரு பிரேமுக்கு நான்கு துளை உயரம் ஃபிலிம் போகிற இடத்தில் இரண்டே துளைதான். அதை வைத்துக்கொண்டு விளக்கு மூடிக்குப் பின்னாலிருந்து, தோளுக்குப் பின்னாலிருந்து, கதவிடுக்கிலிருந்து என்று படம் முழுக்க ஒளிந்து நின்று பார்ப்பதைப் போலவே எடுத்திருப்பார்கள். ஒரு சண்டையை டெலிபோன் பூத்தின் கண்ணாடிக் கட்டங்கள் வழியாகக் காட்டுவார்கள். அடிகூடச் சரியாகத் தெரியாது. அகலத்தில் பாதியைப் பூத்தின் சட்டம் அடைத்திருக்கும், மீதியில் இரண்டு பேர் உருண்டுகொண்டிருப்பார்கள், நாம் பூத்துக்குள் ஒளிந்திருக்கிற மூன்றாவது ஆள் ஆகிவிடுவோம்.

2011இல் வந்த 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'யும் அப்படித்தான். ஒலி புகாத அந்தக் கூட்ட அறை, சுவரெல்லாம் கட்டம் கட்டமாக நுரைப் பஞ்சு, நீள மேசை, சுற்றி உட்கார்ந்திருக்கும் முகங்கள். இதில் ஒருவன் துரோகி. ஒரே சட்டத்துக்குள் இத்தனை முகத்தையும் வரிசையாக நிறுத்தி வைக்க அகலம் வேண்டும். பேசுகிறவனைப் பார்க்கிறோமா, பேசாமல் இருப்பவனைப் பார்க்கிறோமா என்பதுதான் அந்தப் படத்தின் மொத்த விளையாட்டே. இதை உயரமான திரையில் போட்டால் மேலே கூரையும் கீழே மேசைக் காலும் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

அதற்காக உயரமான சட்டம் பழைய உளவுக் கதைக்கு ஆகாது என்று சொல்லவில்லை. 1959இல் ஹிட்ச்காக் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' எடுத்தது விஸ்டாவிஷனில். 35 எம்எம் ஃபிலிமைப் படுக்கையாக ஓடவிட்டு எட்டுத் துளை அகலத்துக்குப் பிடிப்பது, அதனால் படம் பளிங்கு மாதிரி இருக்கும். ஒதுங்கக்கூட இடமில்லாத வெட்டவெளியில், சாலையோரம் சூட் போட்ட ஆள் தனியாக நிற்பார், தூரத்தில் மருந்து தெளிக்கும் விமானம். ஆபத்து வானத்திலிருந்துதான் வரப்போகிறது, அதனால் வானத்துக்கு இடம் வேண்டும். ஹிட்ச்காக் அதைக் கொடுத்திருக்கிறார். 2024இல் வந்த 'தி ப்ரூட்டலிஸ்ட்' இந்த விஸ்டாவிஷனைத் திரும்ப எடுத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி மாளாது. யாராவது ஒரு உளவுப் படத்துக்கும் எடுக்க வேண்டும்.

இனி அரங்கத்தைப் பற்றி. ஸ்கோப் படம் பெரிதாகத் தெரியுமா சிறிதாகத் தெரியுமா என்பது திரை கட்டிய விதத்தைப் பொறுத்தது. சில அரங்குகளில் உயரம் மாறாது, ஸ்கோப் படம் வந்தால் பக்கத் திரைச்சீலை விலகி அகலம் கூடும். இது சொர்க்கம். வேறு சில இடங்களில் அகலம் மாறாது, ஸ்கோப் படம் வந்தால் உயரம் குறையும், அதாவது அகலப் படம்தான் சின்னதாகத் தெரியும். இரண்டாவது வகை அரங்கில் பார்த்துவிட்டு, ஸ்கோப் என்றாலே சின்னது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது படத்தின் குற்றம் இல்லை.

ஒரு தடவை எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். எந்த அரங்கு என்று சொல்லப் போவதில்லை. நல்ல அகலத் திரை, ஆவலோடு உட்கார்ந்தேன். படம் ஆரம்பித்ததும் நான்கு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால்தலை ஒட்டியதைப் போலப் படம். விளம்பரங்கள் ஃப்ளாட்டில் ஓடியிருக்கின்றன, படம் ஸ்கோப், புரொஜெக்டரின் லென்ஸ் அமைப்பை மாற்றவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திரை வீணாகிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்துபோய்ச் சொன்னேன். "படமே அப்படித்தான் சார் எடுத்திருக்காங்க" என்றார் வாசலில் இருந்தவர். நான் விடவில்லை. மேலும் கீழும் கறுப்பு என்றால் படம் அப்படி, நான்கு பக்கமும் கறுப்பு என்றால் லென்ஸ் அப்படி, ஆப்பரேட்டரிடம் ஸ்கோப் அமைப்பை மட்டும் போடச் சொல்லுங்கள் என்று நிதானமாகச் சொன்னேன். நான் இருக்கைக்குத் திரும்புவதற்குள் படம் விரிந்து சுவரைத் தொட்டது. முன்வரிசையில் யாரோ "ஆங்" என்றார்கள். அந்தப் பத்து நிமிடம் திரும்பி வராது, ஆனால் மீதி இரண்டு மணி நேரம் காப்பாற்றப்பட்டது. உங்களுக்கும் இப்படி நடந்தால் தயங்காமல் எழுந்துபோய்ச் சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் சேர்த்துச் செய்கிற உதவி அது.

டால்பி நிறுவனத்தின் தனி அரங்க வகையான டால்பி சினிமாவைப் பற்றிக் கேட்பார்கள். உளவுப் படத்துக்கு ஐமேக்ஸுக்கு அடுத்தபடி இல்லை, பல படங்களுக்கு அதற்கு முன்னாலேயே வைப்பேன். காரணம் கறுப்பு. இரவு, நிழல், இருட்டுத் தாழ்வாரம் இல்லாத உளவுப் படம் உண்டா? சாதாரண புரொஜெக்டரில் இருட்டு சாம்பல் நிறமாக வெளுத்துப்போகும், டால்பியில் இருட்டு இருட்டாகவே இருக்கும், அதற்குள் ஒரு கோட்டின் ஓரம் மட்டும் மின்னும். படம் முழுக்க 2.39 என்றால், இரவுக்காட்சி அதிகம் என்றால், யோசிக்காமல் இங்கே போங்கள். இருக்கை ஆட்டுகிற 4டிஎக்ஸ் கார் துரத்தலுக்குச் சரி, ரகசியம் பேசும்போது இருக்கை அசைந்தால் எனக்குக் கவனம் போய்விடுகிறது. பக்கச் சுவரிலும் படம் காட்டுகிற ஸ்கிரீன்எக்ஸை நான் விரும்பவில்லை. சட்டம் எங்கே முடிய வேண்டும் என்று இயக்குநர் யோசித்து வைத்த இடத்தில் சுவரும் சேர்ந்து பேச ஆரம்பித்தால், ஓரத்தில் ஒளித்து வைத்த ஆளை யார் தேடுவது?

வீட்டில் பார்ப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. டிவி 1.78, அதனால் ஸ்கோப் படம் திரையின் முக்கால் பங்கில்தான் நிற்கும். பட்டை பிடிக்கவில்லை என்று ஜூம் செய்துவிடாதீர்கள், ஓரங்கள் போய்விடும், உளவுப் படத்தில் விஷயம் இருப்பதே ஓரத்தில்தான். 'ஃபால்அவுட்' டிஸ்க்கில் விரியும் காட்சிகளை அப்படியே வைத்திருக்கிறார்கள், வாங்கலாம். 'டெனட்' டிஸ்க்கிலும் 2.20க்கும் 1.78க்கும் மாறி மாறி வரும். 'கோஸ்ட் புரொட்டோக்கால்' டிஸ்க்கில் படம் முழுக்க 2.39தான், அந்த ஜன்னல் காட்சியின் உயரம் போய்விட்டது. 'நோ டைம் டு டை'யும் அப்படியே.

எனக்கு மிகவும் மனசு கேட்காதது 2012இன் 'ஸ்கைஃபால்' விஷயத்தில்தான். டிஜிட்டல் கேமராவில் எடுத்த முதல் பாண்ட் படம் அது, ஒளிப்பதிவு ரோஜர் டீக்கின்ஸ். ஷாங்காய் கட்டடத்தின் உச்சியில், வெளியே விளம்பரத் திரையில் ஜெல்லி மீன்கள் நீந்த, இரண்டு நிழல் உருவங்கள் மட்டும் சண்டை போடும். ஐமேக்ஸ் பதிப்பில் படம் முழுவதுமே 1.90. மேலேயும் கீழேயும் இன்னும் கொஞ்சம் நீல வெளிச்சம், இன்னும் கொஞ்சம் கண்ணாடி, அந்த இரண்டு நிழலும் இன்னும் கொஞ்சம் தனியாக நின்றன. டிஸ்க்கில் வந்தது 2.39 பதிப்பு. அதுவும் அழகுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் எங்காவது அந்தப் படத்தை மறுபடி ஐமேக்ஸில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு முதல் ஆளாகப் போய் நடு வரிசைக்குக் கொஞ்சம் மேலே உட்கார்ந்துவிடுவேன்.